மூன்றாவது மூக்கு

டீ குடித்துவிட்டு வந்தீர்களா? எங்கே, பஸ் ஸ்டாண்டிலா? இஞ்சி டீயா? அப்படியானால் அரை மணி நேரம் உட்காருங்கள், தம்பி. இப்போது மணி பத்து ஐந்து. பத்து முப்பத்தைந்துக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை தண்ணீர் வேண்டுமானால் தருகிறேன். வேறொன்றும் தர மாட்டேன், தப்பாக நினைக்கக் கூடாது.

பொருளைக் கொடுப்பதற்கு ஒரு தடையும் இல்லை. உங்கள் பிரின்சிபாலிடம் போனில் சொன்னதுதான். இந்த மாசக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கக் கோயம்புத்தூர் போகிறேன். அங்கே இதை வைக்க இடமில்லை. உங்கள் பாலிடெக்னிக் பிள்ளைகள் தொட்டுப் படிக்கட்டும். நேற்றே துடைத்து மேசைமேல் மாட்டி வைத்துவிட்டேன், பாருங்கள். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வலது கோடியில் ஒரு குப்பி, வாயில் மெழுகு வைத்து அடைத்திருக்கிறதே, அதைத் திறந்து நீங்கள் ஒரு தடவை முகர்ந்து பார்க்க வேண்டும். வாசனை இருக்கிறதா, இல்லையா. அதை இந்தத் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் கழுவி எடுத்துக்கொண்டு போங்கள். பத்தொன்பது வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை.

பயப்பட வேண்டாம். ஒரு தடவை முகர்ந்தால் ஒன்றும் செய்யாது. நான் எல்லாம் படித்துப் பார்த்திருக்கிறேன்.

நானே முகர்ந்து பார்க்கலாமே என்கிறீர்கள். எனக்கு மூக்கு கிடையாது, தம்பி. சிரிக்காதீர்கள், மூக்கு இருக்கிறது, வாசனை தெரியாது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த வருஷம் வந்த காய்ச்சலில் போனது. எல்லோருக்கும் போய் வந்தது. எனக்குப் போனது போனதுதான். இட்லி கருகினால் புகை கண்ணில் பட்டால்தான் தெரியும். முப்பத்தோரு வருஷம் இந்த மூக்கால் சம்பாதித்துச் சாப்பிட்டவன் நான். கம்பெனியில் ஞானதிரவியம் என்றால் யாருக்கும் தெரியாது. மூக்கு சார் என்றால் கேட்டில் நிற்கிறவன்கூட வழி காட்டுவான்.

இந்தக் கருவியை முன்னே பார்த்திருக்கிறீர்களா? படத்தில்தானா? சரி. நாங்கள் இருந்தது ஹார்பர் பக்கம். கப்பலில் சமையல் எண்ணெய் வரும். வரும்போது அதன் வாடையை நீங்கள் தாங்க மாட்டீர்கள். அந்த வாடையை எடுப்பதுதான் கம்பெனியின் வேலை. அங்கே மூன்று மாடி உயரத்துக்கு இரும்பில் நிற்கும். அதையே மேசைமேல் வைக்கிற அளவில் கண்ணாடியில் செய்தால் இதுதான். இந்த உருண்டைக் குடுவையில் எண்ணெய். கீழே மின்சார அடுப்பு. பக்கத்துக் குடுவையில் தண்ணீர் கொதித்து, நீராவி இந்த வளைந்த குழாய் வழியாக எண்ணெயின் அடியில் போய்க் குமிழி விடும். பம்பு காற்றையெல்லாம் உறிஞ்சிவிடும். இருநூற்று முப்பது டிகிரி, இரண்டு மணி நேரம். எண்ணெயில் இருக்கிற வாடையெல்லாம் நீராவியோடு கிளம்பி இந்தப் பக்கமாக ஓடும். ஓடி எங்கே போகும்? இந்தக் கடைசிக் குப்பியில் போய் விழும். அதைச் சுற்றி ஐஸும் உப்பும் கொட்டி வைப்போம். தூத்துக்குடியில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. டிராப் என்போம் அந்தக் குப்பியை.

பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்லிக் கொடுங்கள். வாசனை அழிவதில்லை. இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

என் ஆய்வகத்தில் நான் கண்டிப்பான ஆள். பவுடர் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, தைலம், வெற்றிலை, பீடி எதுவும் கிடையாது. பூ கிடையவே கிடையாது. வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தேன். பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் அதில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சாயங்காலம் வாடிப்போனதை எடுத்து வைத்துக்கொண்டு போவார்கள். சிலர் அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். ஆணி எப்போதும் வெறுமையாக இருந்ததில்லை. அதற்காக என்னைத் திட்டாத பெண் கிடையாது. விதி என்றால் விதிதான்.

என் வீட்டிலும் பூ கிடையாது. என் மனைவி செல்வராணி கல்யாணமான ஏழாவது வருஷம் சபையில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். நகை, பூ எல்லாம் அன்றைக்கே விட்டாயிற்று. ஆக, வேலை செய்கிற இடத்திலும் பூ இல்லை, வீட்டிலும் பூ இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

எண்ணெயை மூன்று பேர் முகர்ந்து பார்த்து முடிவு சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம். மூன்று மேசை, நடுவில் அட்டைத் தடுப்பு. சின்ன நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் எண்ணெயை இளஞ்சூட்டில் வைத்து, மூடியோடு தருவோம். மூடியை விலக்கி மூன்று சின்ன மூச்சு. வாசனை இல்லையென்றால் சைபர். இருந்தால் ஒன்றிலிருந்து ஐந்து வரை. துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். முகத்தில் காட்டக் கூடாது, பேசக் கூடாது. மூன்றில் இரண்டு எதுவோ அதுதான் முடிவு. இந்த மூன்று மூக்கில் ஒன்று நான். ஒன்று துரைப்பாண்டி, எனக்கு அடுத்த கெமிஸ்ட். மூன்றாவது உலகம்மாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரல் பக்கம். பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி. உப்பு லாரி கவிழ்ந்து புருஷன் இறந்துபோன இரண்டாம் வருஷம் வேலை கேட்டு வந்தாள். முப்பது, முப்பத்தொன்று வயசு இருக்கும். அவளுக்கு அந்த ஆணி தேவைப்பட்டதில்லை.

மூக்கு என்றால் அது மூக்கு. நானே ஒத்துக்கொள்கிறேன். சேர்ந்த ஒரு மாசத்தில் ஒரு நாள், டிராப்புக்குக் கொண்டுவந்த ஐஸைப் பார்த்துவிட்டு, "சார், இதுல சாளை வாடை அடிக்கு" என்றாள்.

"மீன்பிடித் துறைமுகத்து ஐஸ், மீன் வாடை அடிக்காம ரோஸ் பால் வாடையா அடிக்கும்?" என்றான் துரைப்பாண்டி.

"மீன் வாடை இல்ல சார். சாளை. நேத்து சாளை வச்ச பெட்டியில இன்னைக்கு ஐஸ் ஏத்தியிருக்காங்க."

ஐஸ் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் சொன்னதுதான். மறுமுனையில் இருந்தவர், "யாரு சார் சொன்னது, ஒங்க ஆபீஸ்ல பூனை வளக்கீங்களா?" என்று கேட்டார். கொஞ்ச நாள் துரைப்பாண்டி அவளைப் பூனை என்றே கூப்பிட்டான். அவளும் சிரித்துக்கொள்வாள். நான் கூப்பிட்டதில்லை. நான் யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

மணி என்ன? பத்து பதினைந்தா. இருக்கட்டும்.

அது அக்டோபர் மாசம். ஒரு பெரிய பிஸ்கட் கம்பெனி முதல் தடவையாக எங்களிடம் எண்ணெய் வாங்குகிறது. முதல் லோடு. டேங்கர் லாரி கேட்டுக்கு உள்ளே வந்து நிற்கிறது. அவர்களுடைய ஆள் ஒருவர் என் அறையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கால் மணிக்கு ஒருதரம் போன் பண்ணுகிறார். "ஞானம், என்னாச்சு? ஞானம், என்னாச்சு?" மூன்று கிண்ணம் வைத்தோம். நான் முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. சைபர் போட்டேன். துரைப்பாண்டி சைபர் போட்டான். உலகம்மாள் மூடியை விலக்கினாள். முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே எட்டிப் பார்த்தாள். ஏதோ செடி பூத்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அந்தக் காம்பவுண்டில் ஒரு வேப்பமரம்கூடக் கிடையாது. உப்புக்காற்றில் எதுவும் நிற்காது. திரும்பி வந்து எழுதினாள். நான்கு.

நான்கு என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? மூடியைத் திறக்கும்போதே தெரிகிறது என்று அர்த்தம்.

மூன்றில் இரண்டு சைபர். விதிப்படி அத்தோடு முடிந்தது. தாளை மடித்து வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் அவள், "சார், ஒரு நிமிஷம். எண்ணெயில பூ வாசம் வருது சார்" என்றாள். அந்த பிஸ்கட் கம்பெனி ஆளுக்கு முன்னால்.

நீங்களே சொல்லுங்கள். பேசக் கூடாது என்பது விதியா, இல்லையா?

துரைப்பாண்டிக்கு அன்றைக்குச் சளி. இதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. காலையில் மூக்கடியில் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தான். எனக்குத் தெரிந்தது. ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டேன். மூன்றாவது ஆளுக்கு எங்கே போவது? அவனுடைய சைபரை எடுத்துவிட்டால்? நீங்கள் கணக்குப் போடுகிறீர்கள். எடுத்துவிட்டால் ஒன்றுக்கு ஒன்று. அதுதான் சொல்கிறேன், எனக்கு ஒரு மூன்றாவது மூக்கு பாக்கி இருக்கிறது.

நான் என்ன சொன்னேன் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. சரி, சொல்கிறேன். ரொம்ப சாதாரணமாகச் சொன்னதுதான். "என்ன பூ, மல்லிகையா? ஏம்மா, தலையில வைக்க வழியில்லன்னா, மோந்து பாக்கிறதுக்குக் கம்பெனி எண்ணெய்தான் கெடச்சுதா?"

துரைப்பாண்டி சிரித்தான். கிண்ணம் கழுவுகிற பையன் சிரித்தான். பிஸ்கட் கம்பெனி ஆளும் சிரித்துவிட்டார். அறையில் இருந்த இறுக்கம் குறைந்தது, அது உண்மை. அவள் என்னமோ சொன்னாள். சிரிப்பில் கேட்கவில்லை.

நான் அத்தோடு விடவில்லை, தம்பி. இன்னொருவன் என்றால் விட்டிருப்பான். நான் நியாயமான ஆள். "சரி, ஒனக்கும் சந்தேகம் வேண்டாம், எனக்கும் வேண்டாம். நம்ம கருவியில ஒரு ஓட்டு ஓட்டிப் பாத்திருவோம்" என்றேன். அதே எண்ணெயை இந்தக் குடுவையில் ஊற்றினோம். அவளே டிராப்பைக் கழுவி மாட்டினாள். அவளே ஐஸை உடைத்து, உப்பைக் கலந்து, வெறுங்கையால் அள்ளி வைத்தாள். உப்பும் ஐஸும் சேர்ந்தால் கை என்ன ஆகும் தெரியும்தானே. உறை போட்டுக்கொள் என்று சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து குமிழி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆறவிட்டு, எண்ணெயை எடுத்து மறுபடி மூன்று கிண்ணம். நான் சைபர். துரைப்பாண்டி சைபர். அவள்?

அவளும் சைபர்! அவள் கையாலேயே எழுதினாள். அந்தத் தாள் இதோ இருக்கிறது. முதல் தடவை எழுதிய மூன்றும் இருக்கின்றன, இரண்டாம் தடவை எழுதிய மூன்றும் இருக்கின்றன. நான் எதையும் தூக்கிப் போடுகிறவன் இல்லை.

"பாத்தியா?" என்றேன்.

"எண்ணெயில இப்ப இல்ல சார். டிராப்புல இருக்கும். ஒரே ஒரு தடவை அதை மோந்து பாருங்க சார்" என்றாள்.

"நம்ம ரிப்போர்ட் எண்ணெய்க்கு. டிராப்புக்கு ரிப்போர்ட் கிடையாது" என்றேன்.

அந்தக் குப்பியைக் கழற்றி, மூடி போட்டு, மெழுகு உருக்கி ஊற்றி நானே அடைத்தேன். அடியில் இரண்டு மூன்று சொட்டு இருந்தது. இப்போதும் இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஏன் கழுவாமல் அடைத்தேன் என்று கேட்கிறீர்கள். தெரியவில்லை. டேங்கர் நிற்கிறது, மேனேஜர் கூப்பிடுகிறார், அவசரம். வேறு குப்பி இருந்தது, மாட்டிக்கொண்டேன்.

பிஸ்கட் கம்பெனிக்காரர் ஒரு சாம்பிளைச் சீல் வைத்து எடுத்துப்போனார். அது எந்த எண்ணெய் என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி. மேசைமேல் இரண்டு பாட்டில் இருந்தன. டேங்கிலிருந்து எடுத்தது ஒன்று, கருவியில் ஓட்டியது ஒன்று. எதை ஊற்றிக் கொடுத்தது என்று... இரண்டும் ஒரே டேங்க் எண்ணெய்தானே, தம்பி. ஒரே டேங்க்.

தண்ணீர் குடியுங்கள்.

அவளை நான் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஊரில் அப்படிச் சொல்கிறவர்கள் உண்டு. வாங்க வந்த ஆளுக்கு முன்னால் பேசினாள் என்று மேனேஜர் கேட்டார். நடந்ததை எழுதிக் கொடுத்தேன். 'மூக்கை நம்ப முடியாது' என்று ஒரு வரி எழுதினேன். டின் அடைக்கிற பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டு டின் மூடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பி.எஸ்.சி. படித்த பெண். நான்கு மாசம் நின்றாள். ஒரு நாள் வரவில்லை. அவ்வளவுதான்.

அந்த வருஷத் தீபாவளிக்குக் கம்பெனியில் ஆளுக்கு ஒரு டின் எண்ணெய் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது, டின்னைப் பிரிக்காமல் கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்தோம். செல்வராணி முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் போட உட்கார்ந்தாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "ஏங்க, இந்த எண்ணெயில பூ மாதிரி ஒரு வாசம் வருதே. ஒங்களுக்கு வருதா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. "சபைக்குப் போற பொம்பளைக்குப் பூ நெனப்பு வரலாமா?" என்றேன். சும்மா விளையாட்டாக. அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த டின் முழுவதும் தீரும்வரை அதிலேயேதான் சமைத்தாள். நானும்தான் சாப்பிட்டேன். எனக்கு என்ன ஆயிற்று? எழுபதைத் தாண்டிவிட்டேன்.

அவள் போனது அதற்கு ஆறு வருஷம் கழித்து. வயிற்றில் ஒரு கட்டி. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. டாக்டரிடம் கேட்டேன், எண்ணெய் என்று சொல்லவில்லை, பொதுவாகக் கேட்டேன். தொடர்பு இல்லை என்றார். அந்த அளவுக்கு ஒன்றும் செய்யாது. எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், எருமைக்கன்றுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பீரோவுக்குள் ஒரு கட்டுக் காகிதம் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக் காட்டுகிறேன். தொடர்பு இல்லை.

எந்த அளவுக்கு, எது ஒன்றும் செய்யாது என்றுதானே விழிக்கிறீர்கள். அதைச் சொல்லவில்லையா? மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் ஜூனில் ஆலையை நிறுத்திப் பழுது பார்த்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். மூன்று மாடி இரும்பு என்றேனே, அதற்குள் எண்ணெயைச் சூடாக்க ஒரு சுருள்குழாய் ஓடும். குழாய்க்குள்ளே வேறொரு திரவம், கொதிக்கக் கொதிக்க. அது மனுஷன் சாப்பிடுகிற பொருள் இல்லை. குழாய்க்குள்ளேயேதான் சுற்ற வேண்டும். ஃபிட்டர் உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "சார், சுருள்ல ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை" என்றான். அடைத்தோம். ஓட்டை எப்போது விழுந்தது? யாருக்குத் தெரியும். மே மாசம் விழுந்திருக்கலாம். நிறுத்துவதற்கு முந்தின நாள் விழுந்திருக்கலாம். அக்டோபரில்தான் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

குழாயில் குறைந்துபோயிருந்த திரவத்துக்குப் பதிலாகப் புது டிரம் வந்தது. டிரம்மோடு ஒரு தாள் வரும், அதன் குணங்களைப் பட்டியல் போட்டு. நிறம் இன்னது, கொதிநிலை இன்னது. மூன்றாவது வரி, மணம். 'பூவைப் போன்றது' என்று போட்டிருந்தது.

படித்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதனால் என்ன நிரூபணமாகிறது? டிரம்மில் இருப்பதற்குப் பூ மணம். எண்ணெயில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கலந்தால் அது மூக்குக்குத் தெரியுமா? எனக்குத் தெரியவில்லையே. முப்பத்தோரு வருஷ மூக்கு. ஊரில் யாருக்காவது ஏதாவது ஆகியிருந்தால் பேப்பரில் வந்திருக்கும். தினம் படித்தேன், தம்பி. ஒரு வருஷம் ஒரு வரி விடாமல் படித்தேன்.

ஓய்வு பெற்றபோது என்ன வேண்டும் என்று கேட்டார்கள். இந்தக் கருவியைக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மூக்கு சாருக்கு அதைவிட்டால் வேறு சொந்தம் கிடையாது என்று துரைப்பாண்டி மேடையில் பேசினான். குப்பி பின்னாலிருந்த அலமாரியில் இருந்தது. யாரும் கேட்கவில்லை. அதையும் துணியில் சுற்றி எடுத்து வந்தேன். அன்றைக்கே திறந்திருக்கலாம். மூக்கும் அப்போது நன்றாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தேன். எத்தனை நாளைக்கு! கத்தியை எடுத்து மெழுகில் வைத்துவிட்டு, திரும்ப எடுத்துவிடுவேன். அப்புறம் காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் போய் மூன்றாம் மாசம். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பற்பசை வாசனைகூடத் தெரியாது, நாக்கில் எரிச்சல் மட்டும்தான். திடீரென்று மல்லிகை. யாரோ தலை நிறைய வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி. திரும்பிப் பார்த்தேன். வீட்டில் நான் ஒருவன்தான். செல்வராணி போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவளாக இருந்தாலும் மல்லிகை எப்படி வரும்? சபைக்காரி.

அன்றிலிருந்து வருகிறது. தினமும் இல்லை. வந்தால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் நிற்கும். சோறு வாயில் இருக்கும்போது வரும். பஸ்ஸில் வரும், ஜெபத்தில் கண்ணை மூடினால் வரும். டாக்டர் சொல்கிறார், நரம்பு செய்கிற வேலையாம். இல்லாத மணத்தை மூளை உண்டாக்கிக்கொள்கிறதாம். பலருக்கு வருமாம், ரப்பர் எரிகிற நாற்றம், அழுகல் நாற்றம். உங்களுக்குப் பூ மணம்தானே, கொடுத்துவைத்தவர் என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது, தம்பி. மெழுகு வெடித்திருக்கிறது. மயிரிழை அளவுக்கு எங்கேயோ விட்டிருக்கிறது. அந்த மூன்று சொட்டுதான் வெளியே வந்துகொண்டிருக்கிறது. எனக்கு வேறு எதுவும் தெரியாததால் அது மட்டும் தெரிகிறது. உலகம்மாள் சொன்ன பூ. இதை ஒரு ஆள், கெமிஸ்ட்ரி தெரிந்த ஆள், முகர்ந்து ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். அவள் சொன்னது சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். எனக்கு ஒன்றும் வெட்கமில்லை. கழுவி ஊற்றிவிட்டால் மணமும் போய்விடும். கோயம்புத்தூருக்கு நான் தனியாகப் போகலாம்.

பத்து முப்பத்தாறு. வாருங்கள்.

வாயைக் கொப்பளியுங்கள். கை கழுவியபோது சோப்புப் போடவில்லையே? நல்லது. இப்படி வெளிச்சத்துக்கு வாருங்கள். மெழுகை நான் சுரண்டித் தருகிறேன். நீங்கள் குப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். திருகாதீர்கள், லேசாக ஆட்டி எடுங்கள். அவ்வளவுதான். மூன்று சின்ன மூச்சு. முகத்தில் காட்டக் கூடாது. பேசக் கூடாது. எழுதிக் கவிழ்த்து வையுங்கள்.

ஏன் ஜன்னலைப் பார்க்கிறீர்கள்?

அங்கே செடி எதுவும் இல்லை, தம்பி. பக்கத்து வீட்டுச் சுவர்தான். வெறும் சுவர்.

எழுதுங்கள். நான் பார்க்கவில்லை. எழுதியாயிற்றா? திருப்புகிறேன்.

ஐந்து.

சரி. அவள் நான்கு போட்டாள், நீங்கள் ஐந்து போட்டிருக்கிறீர்கள். தேங்கி நின்றதல்லவா, கூடத்தான் இருக்கும். சரி. இதை அந்த மூன்று தாளோடு வைக்கிறேன். துரைப்பாண்டியின் தாளை எடுத்துவிடுகிறேன். ஒன்றுக்கு இரண்டு. முடிந்தது. இத்தனை வருஷம். ஒரு நிமிஷ வேலை.

மல்லிகைதானே?

என்ன சொன்னீர்கள்?

இல்லை, இன்னொரு தடவை முகருங்கள். அவசரப்படாமல். ரோஜாவா? ரோஜா இல்லை. ரோஜா இலையைக் கசக்கின மாதிரியா. பச்சையாக. மல்லிகை கொஞ்சம்கூட இல்லையா? அடியில்? மல்லிகையை உங்களுக்குத் தெரியும்தானே, கல்யாணம் ஆனவர்தானே நீங்கள்?

பச்சையாக என்றா சொன்னீர்கள்?

'மல்லி இல்ல சார். பச்சையா இருக்கு சார், எலையக் கசக்கின மாதிரி.' அவள் சொன்னது இதுதான். அன்றைக்கு, அந்தச் சிரிப்புக்கு நடுவில். கேட்கவில்லை என்று சொன்னேனே, தம்பி. எனக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் நின்று சொன்னாள். மல்லி என்று அவள் சொல்லவே இல்லை. மல்லிகை என்று சொன்னது நான்தான்.

குழாய் அந்தப் பக்கம் இருக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள், பிறகு வெந்நீர். இல்லை, நீங்களே செய்யுங்கள், நான் இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆயிற்றா? முகர்ந்து பார்த்தீர்களா? ஒன்றுமில்லையே? இந்தத் தாளில் சைபர் என்று எழுதிவிடுங்கள். வைக்கோல் அந்தப் பெட்டியில் இருக்கிறது. குடுவையை அடியில் வைத்து, டிராப்பைக் கடைசியாக மேலே வையுங்கள். அது மெல்லிய கண்ணாடி. பிள்ளைகள் தைரியமாகத் தொடலாம், அதில் இனி எதுவும் கிடையாது.

போகும்போது கதவைச் சாத்த வேண்டாம், தம்பி. திறந்தே இருக்கட்டும். வருகிறது, மல்லிகை.